நூறு சுற்று

ஆகாய விமானத்தைப் பற்றி எழுதுகிறவனுக்கு விமானம் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் கிடையாது. காதலைப் பற்றி எழுதுகிறவர்களை எல்லாம் அப்படி விசாரிக்க ஆரம்பித்தால் நம் பத்திரிகைகளில் பாதிப் பக்கம் காலியாகிவிடும். ஆனாலும் 1977-ஆம் வருஷத்தில் எனக்கு அப்படி ஒரு வைராக்கியம் இருந்தது. அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. முதல் நாவலை எழுதிக்கொண்டிருந்தேன். அதில் கதாநாயகன் ஒரு சின்ன விமானத்தில் பறந்து போய், மேகங்களுக்கு நடுவில், கதாநாயகியை மறந்துவிடுவது என்று தீர்மானிக்கிறான். மேகங்களுக்கு நடுவில் ஒரு தடவையாவது போய்விட்டு வராமல் அந்த அத்தியாயத்தை எழுதுவதில்லை என்று உட்கார்ந்துவிட்டேன்.

அதற்கு வசதியும் இருந்தது. என் பெரியப்பா தெற்கே ஒரு பிளையிங் கிளப்பில் லைசென்ஸ் பெற்ற இன்ஜினீயர். ஊர் பேர் வேண்டாம். கிளப்பின் பேரும் வேண்டாம். கிளப்பில் இரண்டு விமானங்கள் இருந்தன. இரண்டும் புஷ்பக்.

இந்தக் காலத்து வாசகர்கள் பலர் புஷ்பக்கைப் பார்த்திருக்க மாட்டார்கள். பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் டாக்டர் காட்கேயின் தலைமையில் உருவான விமானம் அது. 1958-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் முதன்முதலாகப் பறந்தது. இறக்கை தலைக்கு மேலே. உடம்பெல்லாம் துணி போர்த்து வார்னிஷ் பூசியிருக்கும். தொண்ணூறு குதிரைச் சக்தி கொண்ட கான்டினென்டல் எஞ்சின். ராவணேசுவரனிடம் இருந்த புஷ்பக விமானத்தில் எத்தனை பேர் ஏறினாலும் இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கும் என்பார்கள். நம் புஷ்பக்கில் இரண்டே பேர், அதுவும் தோளோடு தோள் உரச உட்கார வேண்டும். ஸெல்ப் ஸ்டார்ட்டர் கிடையாது. ஒருவர் முன்னால் நின்று புரொப்பெல்லரைக் கையால் இழுத்துவிட்டுச் சட்டென்று பின்வாங்க வேண்டும். அப்படிப் பின்வாங்கத் தெரியாதவர்கள் அந்த உத்தியோகத்தில் நீடிப்பதில்லை.

என்னை ஏற்றிக்கொண்டு போவதாக ஒப்புக்கொண்டவன் என் வயதுப் பையன் ஒருவன். சமீபத்தில்தான் விமானி லைசென்ஸ் வாங்கியிருந்தான். சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி. நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, நோட்டுப் புத்தகமும் பென்சிலுமாக ஏறி உட்கார்ந்தேன். விமானம் ஓடுபாதையின் முனைக்குப் போயிற்று. பையன் பிரேக்கை அழுத்திக்கொண்டு விசையை முழுதும் தள்ளினான். எஞ்சின் கர்ஜித்தது. என் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. அவன் மாத்திரம் ஒரு கடிகாரத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான், விசையைக் குறைத்தான், மறுபடியும் தள்ளினான். பிறகு ஒன்றும் பேசாமல் விமானத்தைத் திருப்பி ஹாங்கருக்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டான்.

"என்ன தம்பி?" என்றார் பெரியப்பா.

"முழு விசையில் இரண்டாயிரம்தான் காட்டுகிறது ஸார். போன வருஷத்துப் புத்தகத்தில் இரண்டாயிரத்து இருநூறு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்."

புரொப்பெல்லர் நிமிஷத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பதைக் காட்டும் முள்ளைப் பற்றிய பேச்சு அது. புஷ்பக்கின் புரொப்பெல்லர் மரத்தில் செதுக்கியது. அதன் அலகுகளின் கோணத்தை மாற்ற முடியாது. ஆகையால் விமானம் நின்ற இடத்திலேயே முழு விசை கொடுத்தால் இத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. குறைந்தால் எஞ்சினுக்குப் பலம் போதவில்லை என்று அர்த்தம். வைத்தியர் நாடி பார்ப்பதைப்போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குள் கிளப்பின் காரியதரிசி வந்துவிட்டார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஊர்ப் பெரிய மனிதர்களின் குழந்தைகளுக்குப் பணம் வாங்கிக்கொண்டு ஆளுக்குப் பத்து நிமிஷம் ஆகாய சவாரி காட்டுவதாக ஏற்பாடு. டிக்கெட்டெல்லாம் விற்றாகிவிட்டது. இன்னொரு புஷ்பக் ஏற்கெனவே இறக்கை கழன்று மூலையில் கிடந்தது.

"மீட்டர் பழசு ஸார். பொய் சொல்கிறது. வேறொன்றை மாட்டிவிட்டால் தீர்ந்தது" என்றார் காரியதரிசி.

"வெயில் ஸார். சூட்டில் காற்று லேசாகிவிட்டது. எஞ்சின் பலம் குறையத்தானே செய்யும்?" என்றான் பையன்.

பெரியப்பா பையனுக்கு மாத்திரம் பதில் சொன்னார். "காற்று லேசானால் எஞ்சினுக்குப் பலம் குறையும், வாஸ்தவம். ஆனால் புரொப்பெல்லர் தள்ள வேண்டிய காற்றும் அதே லேசான காற்றுதானே? சுமக்கிறவன் இளைத்தான், சுமையும் இளைத்தது. அதனால் இருநூறு சுற்றுக் குறையாது."

பெரியப்பாவுக்கு ஓய்வு பெற இன்னும் மூன்று வாரம் இருந்தது. முப்பது வருஷ உத்தியோகத்தில் அவர் கையெழுத்துப் போட்ட விமானம் எதுவும் வயலில் இறங்கியதில்லை. இந்த விமானத்துக்குப் போன மாதம் நடந்த சோதனையிலும் கையெழுத்து அவருடையதுதான். மீட்டர் பொய் சொல்கிறது என்றால் அவருக்கு ஒரு கவலையும் இல்லை. எஞ்சின் பலம் இழந்திருக்கிறது என்றால், போன மாதம் அவர் எதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார் என்ற கேள்வி வரும். காரியதரிசி அவருக்கு நல்லதைத்தான் சொன்னார். அதனால்தானோ என்னவோ, பெரியப்பாவுக்கு அது பிடிக்கவில்லை.

முதலில் புரொப்பெல்லரின் நடுக் குமிழில் பொறித்திருந்த எண்களைப் புத்தகத்தோடு ஒப்பிட்டார். விட்டம் எத்தனை அங்குலம், ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னேற வேண்டும் என்ற கணக்கு அதில் இருக்கும். யாராவது அதிகக் கோணமுள்ள வேறு புரொப்பெல்லரை மாட்டியிருந்தால் சுற்றுக் குறையும். அப்படி இல்லை, அதே புரொப்பெல்லர்தான். விசைக் கம்பி கார்புரேட்டரின் தடை முளை வரைக்கும் முழுதும் போகிறதா என்று பார்த்தார். போயிற்று. காற்று வடிகட்டியைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். தூசி இல்லை. சுவிட்சை அணைத்து, இருமுறை சரிபார்த்துவிட்டு, புரொப்பெல்லரைக் கையால் மெதுவாக இழுத்துச் சுழற்றினார். நாலு சிலிண்டரும் ஒவ்வொன்றாக எதிர்த்து நிற்பதை அவர் முகத்திலேயே நான் பார்த்தேன். "நாலும் நல்ல பிள்ளைகள்" என்றார்.

"அப்படியானால் மீட்டர்தான்" என்றார் காரியதரிசி.

"இருட்டட்டும்" என்றார் பெரியப்பா.

இருட்டினால் என்ன தெரியும் என்று எனக்கு விளங்கவில்லை. ஏழு மணிக்கு விமானத்தை ஹாங்கரைப் பார்க்க நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வாலைத் தரையில் இருந்த இரும்பு வளையத்தோடு கட்டினார்கள். ஹாங்கருக்குள் ஒரே ஒரு டியூப் லைட்டை மட்டும் எரியவிட்டார்கள். பெரியப்பா விமானியின் ஆசனத்தில் உட்கார்ந்தார். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, "நாவலாசிரியரே, நோட்டுப் புத்தகத்துக்கு இப்போதுதான் வேலை. நான் சொல்லும் எண்ணை எழுது. மனசில் தோன்றுவதை எழுதாதே" என்றார்.

நம் தேசத்து மின்சாரம் விநாடிக்கு ஐம்பது தடவை முன்னும் பின்னும் போய்வருகிறது. அதனால் சாதாரணச் சோக் போட்ட டியூப் லைட் விநாடிக்கு நூறு தடவை மினுக்குகிறது. நம் கண்ணுக்கு அது தெரிவதில்லை. சுற்றுகிற பொருளுக்குத் தெரியும். புரொப்பெல்லர் சரியாக நிமிஷத்துக்கு 1500 சுற்றுச் சுற்றினால், ஒரு மினுக்குக்கும் அடுத்த மினுக்குக்கும் இடையில் கால் சுற்றுத் திரும்பியிருக்கும். இரண்டு அலகுள்ள புரொப்பெல்லர் நாலு அலகு உள்ளதுபோல அசையாமல் நிற்கும். 2000 சுற்றானால் மினுக்குக்கு மூன்றில் ஒரு சுற்று. ஆறு அலகு தோன்றும். மின்சார நிலையத்தின் சுழற்சி நமக்காகப் பொய் சொல்லாது. பழைய மீட்டரைவிட அது நம்பத்தக்க சாட்சி. (இந்தக் காலத்தில் கையடக்கமான ஒளிக் கருவியே வந்துவிட்டது. எல்.இ.டி. விளக்குகளும் புதுவகைச் சோக்குகளும் வேறு விதமாக மினுக்குவதால், அவற்றை நம்பி யாரும் இந்தப் பரீட்சையில் இறங்க வேண்டாம்.)

எஞ்சின் ஓட ஆரம்பித்தது. விசையை மெல்ல ஏற்றினார். எங்கள் முன்னே மங்கலான வட்டமாக இருந்த புரொப்பெல்லர் திடீரென்று நாலு கத்திகளாகப் பிரிந்து, கொஞ்சம் தயங்கி, அப்படியே நின்றுவிட்டது. கையை நீட்டித் தொடலாம்போல இருந்தது. தொட்டிருந்தால் இந்தக் கட்டுரையை வேறு கையால் எழுத நேர்ந்திருக்கும்.

"மீட்டர் என்ன சொல்கிறது?"

"ஆயிரத்து நானூற்று இருபத்தைந்து."

இன்னும் ஏற்றினார். நாலு கத்தியும் கரைந்து வட்டமாயிற்று. பிறகு ஆறு கத்திகள் முளைத்து நின்றன.

"இப்போது?"

"ஆயிரத்துத் தொள்ளாயிரம்."

முள் பொய் சொல்லத்தான் சொல்லிற்று. ஆயிரத்து ஐந்நூறில் எழுபத்தைந்து குறைவு. இரண்டாயிரத்தில் நூறு குறைவு. இரண்டிலும் நூற்றுக்கு ஐந்து. முள் வளைந்திருந்தால் எல்லா இடத்திலும் ஒரே அளவு பொய் சொல்லும் என்றார் பெரியப்பா. இந்த மீட்டருக்குள் ஒரு காந்தம் சுழன்று, ஓர் அலுமினியக் கிண்ணத்தைத் தன்னோடு இழுக்கிறது. மெல்லிய சுருள்வில் ஒன்று கிண்ணத்தைத் தடுத்து நிறுத்துகிறது. காந்தத்துக்கு வயதாகி இழுப்புக் குறைந்தால், வேகத்துக்குத் தக்கபடி பொய்யும் வளரும்.

பிறகு முழு விசை கொடுத்தார். மீட்டர் இரண்டாயிரம் காட்டியது. இடது மாக்னெட்டோவை மட்டும் வைத்துப் பார்த்தார்: எழுபது இறங்கிற்று. வலது: எண்பது. அது சகஜம் என்றார். கார்புரேட்டருக்கு வெந்நிறக் காற்றை விடும் குமிழை இழுத்தார்: இருபது இறங்கிற்று. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

கீழே இறங்கியதும் காரியதரிசி கையைக் கொட்டிச் சிரித்தார். "நான் சொன்னேனா இல்லையா? மீட்டர்!"

பையனுக்கும் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம், நாளைக் காலையில் மேகத்தைப் பார்த்துவிடலாம். பெரியப்பா மட்டும் என் நோட்டுப் புத்தகத்தை வாங்கிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, "காலையில் சொல்கிறேன்" என்று சைக்கிளில் ஏறினார்.

வீட்டில் பெரியம்மா சாதம் பரிமாறினாள். ரசத்தை ஊற்றிக்கொண்ட பெரியப்பா நோட்டுப் புத்தகத்தைத் தட்டின் பக்கத்தில் விரித்து வைத்தார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

"மீட்டர் எத்தனை பொய் சொல்கிறது?" என்றார் கடைசியில்.

"நூறு" என்றேன்.

"மொத்தம் எத்தனை காணோம்?"

"இருநூறு."

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. போன வருஷம் அந்த மீட்டரைக் கழற்றிப் பரீட்சை செய்து மாட்டியிருந்தார்கள். அப்போது அது காட்டிய 2200 நிஜமான 2200. இன்றைக்கு அது 2000 காட்டும்போது நிஜத்தில் 2100. நூறு சுற்றுக்கு மீட்டர் பொறுப்பு. இன்னும் நூறு சுற்று எங்கேயோ போயிருக்கிறது. ஹாங்கரில் அத்தனை பேர் இருந்தோம்; ஒருவருக்கும் அந்தக் கழித்தல் கணக்குத் தோன்றவில்லை. எங்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. காரணம் கிடைத்த பிறகு கணக்கு எதற்கு?

"நூறு சுற்றுத்தானே பெரியப்பா? இரண்டாயிரத்து இருநூறில் நூறு பெரிசா?"

"புரொப்பெல்லரைச் சுழற்றுவதற்கு வேண்டிய பலம் சுற்றுக்கு நேராக ஏறுவதில்லையடா. சுற்றின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். இரண்டாயிரத்து இருநூறு இரண்டாயிரத்து நூறானால், பலத்தில் எட்டில் ஒரு பங்கு போயிற்று. நாளை வெயிலில், ஆள் மாற்றி ஆள் ஏற்றிக்கொண்டு, ஓடுபாதைக் கடைசியில் இருக்கும் பனைமரங்களைத் தாண்ட வேண்டும். அங்கே அந்த எட்டில் ஒரு பங்கை யார் கொடுப்பார்கள்? காரியதரிசியா?"

பெரியம்மா, "ரசம் ஆறுகிறது" என்றாள்.

அவர் ஒரு வாய் சாப்பிட்டார். பிறகு நான் எழுதிய கடைசி எண்ணின் மேல் விரலை வைத்தார். இருபது.

"போன வருஷப் புத்தகத்தில் இது எத்தனை என்று எனக்கு நினைவிருக்கிறது. நூறு" என்றார்.

எனக்கு விளங்கும்படி சொன்னார். மெழுகுபோலப் பனிக்கட்டி கார்புரேட்டருக்குள் படிந்து எஞ்சினின் மூச்சை அடைத்துவிடக்கூடும். நம் கடலோரத்து ஈரக் காற்றில், வெயில் நாளில்கூட, குறைந்த விசையில் இறங்கி வரும்போது இது நேரலாம். அதற்காகப் புகைக்குழாயைச் சுற்றி வரும் சூடான காற்றைத் திருப்பிவிட ஒரு தகட்டுக் கதவும், அதை இழுக்க ஒரு குமிழும் வைத்திருக்கிறார்கள். சூடான காற்று லேசானது; அதை மூச்சிழுத்தால் எஞ்சின் கொஞ்சம் சோரும், சுற்றுக் குறையும். குறைய வேண்டும். குறையவில்லை என்றால் இரண்டில் ஒன்று. சூடான காற்று வரவே இல்லை. அல்லது ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறது.

"உப்பில்லாத ரசத்தில் ஒரு சிட்டிகை போட்டால் நாக்குக்கு உடனே தெரியும். ஏற்கெனவே கரிக்கிற ரசத்தில் போட்டால் தெரியுமா?"

"இந்த ரசம் கரிக்கவில்லை" என்றாள் பெரியம்மா.

"இது அமிர்தம். நான் எஞ்சினைச் சொல்கிறேன்" என்றார் பெரியப்பா.

மறுநாள் விடியற்காலம் ஐந்தரை மணிக்கே ஹாங்கருக்குப் போய்விட்டோம். காற்றுப் பெட்டியைக் கழற்றினார். என்னைக் குமிழை உள்ளே தள்ளச் சொன்னார். தள்ளினேன். குமிழ் கடைசி வரைக்கும் போயிற்று. "குமிழ் மூடிவிட்டது. இப்போது இங்கே வந்து கதவைப் பார்" என்றார். தகட்டுக் கதவின் அச்சு தாங்கும் இடத்தில் தேய்ந்து, கதவு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. சுண்டுவிரல் நுழையும் சந்து. அந்தச் சந்து வழியாகச் சூடான காற்று எந்நேரமும் எஞ்சினுக்குள் போய்க்கொண்டிருந்தது.

பெரியப்பா ஒரு காலிப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

"போன மாதம் நான் குமிழைப் பார்த்தேன். கதவைப் பார்க்கவில்லை" என்றார்.

அவ்வளவுதான். வேறு சமாதானம் சொல்லவில்லை. முப்பது வருஷத்துக்குப் பிறகு, ஓய்வுபெற மூன்று வாரம் இருக்கும்போது, விடியற்காலத்தில், தம்பி பிள்ளையின் முன்னால் ஒரு மனிதர் அதைச் சொல்வதென்றால் எத்தனை பாரம் என்று அன்று எனக்குத் தெரியவில்லை. நான் மேகத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

காரியதரிசி எட்டு மணிக்கு வந்தார். கையில் எங்கிருந்தோ வாங்கிவந்த வேறொரு மீட்டர். சவாரி இல்லை என்று கேட்டதும் முகம் சிவந்துவிட்டது. டிக்கெட் வாங்கிய குழந்தைகள் ஒன்பது மணிக்கு வந்து, அவற்றில் பாதி அழுதன. பெரியப்பா ஒவ்வொரு குழந்தையையும் விமானத்தில் தூக்கி உட்கார வைத்து, குமிழை எல்லாம் இழுத்துப் பார்க்கச் சொன்னார். பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. பிறகு புத்தகத்தைத் திறந்து, மீட்டரின் பொய்யையும் கதவின் சந்தையும் தனித்தனி வரியில் எழுதினார். மூன்றாவது வரியில், சென்ற சோதனையில் கதவு நேரில் பார்க்கப்படவில்லை என்று எழுதித் தம் கையெழுத்தைப் போட்டார். "அந்த மூன்றாவது வரி எதற்கு ஸார்? யாரும் கேட்கவில்லையே" என்றான் பையன். "இனிமேல் இதைப் பார்க்கிறவன் கதவையும் பார்ப்பான்" என்றார்.

அச்சுக்குப் புதுப் புதையுருளை கடைந்து போட இரண்டு நாள் ஆயிற்று. புது மீட்டரை மாட்டுவதற்கு முன், பழைய மீட்டரை வைத்துக்கொண்டே எஞ்சினை ஓட்டச் சொன்னார் பெரியப்பா. இரண்டையும் ஒரே சமயத்தில் மாற்றினால் எதனால் குணமாயிற்று என்று தெரியாமல் போய்விடும் என்பது அவர் கட்சி. எத்தனை பொய் சொல்கிறான் என்று தெரிந்துவிட்டால் பொய் சாட்சியும் நல்ல சாட்சிதான் என்றார். முள் 2090 காட்டியது. நூற்றுக்கு ஐந்தைக் கூட்டிக்கொள்ளுங்கள், 2200 வந்துவிடும். வெந்நிறக் குமிழை இழுத்ததும் எஞ்சின் நன்றாகச் சோர்ந்தது. ஒரு நோயாளி பலவீனமடைவதைப் பார்த்து வைத்தியர் சந்தோஷப்பட்டதை அன்றுதான் பார்த்தேன்.

புதன்கிழமை நான் பறந்தேன். பனைமரங்கள் காலுக்கு அடியில் நிறைய இடைவெளி விட்டுப் போயின. மேகம் ஒன்றுகூட இல்லை. என் கதாநாயகன் வெறும் நீல வானத்திலேயே காதலியை மறக்க வேண்டியதாயிற்று.

நாவல் வெளிவந்தது, விற்கவில்லை. பதிப்பாளர் மிகவும் நல்லவர். "காகித விலை ஏறிவிட்டது, வாசகர்களின் ரசனையும் மாறிவிட்டது" என்று ஆறுதல் சொன்னார். அது முழுப் பொய் அல்ல. காகித விலை ஏறித்தான் இருந்தது. பல வருஷம் அந்த ஆறுதலோடு சௌக்கியமாக இருந்தேன். பெரியப்பா காலமான வருஷத்தில் ஒரு நாள் அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தேன். காகித விலைக்கும் ரசனைக்கும் உரிய நூறு சுற்றைக் கழித்துவிட்டு, மீதி நூறு எங்கே என்று தேட உட்கார்ந்தேன். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் கிடைத்தது. கதாநாயகன் மறந்துவிட்டதாக நான் எழுதியிருந்தேன். அவன் மறந்தானா என்று பார்க்கவில்லை.

குமிழைப் பார்த்தேன், கதவைப் பார்க்கவில்லை.

அந்த நாவலின் இரண்டாம் பதிப்பு வந்தபோது, பன்னிரண்டாம் அத்தியாயத்தைத் திருத்தி எழுதினேன். முன்னுரையில், முதல் பதிப்பில் இன்ன பிழை இருந்தது என்று ஒரு வரியும் சேர்த்தேன். யாரும் கேட்கவில்லைதான்.